அம்மாவின் இடுப்பில் இன்னொருவர் எலும்பா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்தவர். 18 வருடத்துக்கு முன் இடது இடுப்பு மூட்டை மாற்றினோம். இப்போது கால் குட்டையாகிவிட்டது. இடுப்பெலும்புக் குழியில் பொருத்திய செயற்கைக் கிண்ணம் மேலே ஏறிவிட்டது, எலும்பு கரைந்திருக்கிறது, வேறொருவர் எலும்பை வைத்து நிரப்ப வேண்டும் என்கிறார் சேலம் டாக்டர். "செத்தவங்க எலும்பு எனக்கு வேண்டாம், வலியும் அவ்வளவா இல்லையே" என்கிறார் அம்மா. என்ன செய்ய?
– வாசகி, நாகலூர்

பதில்: அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அந்த எலும்பு பெரும்பாலும் உயிரோடு நடமாடுகிறவர் தந்தது. முதன்முறை மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் உருண்டைத் தலையை வெட்டி எடுக்கிறோம். அம்மாவுக்கும் அன்று எடுத்திருப்பார்கள். தந்தவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இல்லை என்று பார்த்து, மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே உறையவைக்கிறார்கள். சிறுநீரகம் மாற்றியவர்போல ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. அந்த எலும்பைச் சிறு துண்டுகளாக்கி, குழியில் அடுக்கடுக்காகத் தட்டி இறுக்குவோம். அதைப் பற்றிக்கொண்டு அம்மாவின் சொந்த எலும்பு மெல்ல உள்ளே வளரும். நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் 1980களில் வளர்த்தெடுத்த முறை இது. குழியின் விளிம்பே போயிருந்தால் துண்டு எலும்பு மட்டும் தாங்காது. நுண்துளைகள் நிறைந்த டாண்டலம் உலோகக் கட்டை வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். எது தேவை என்பதை சி.டி. ஸ்கேன் சொல்லும்.

வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். கிண்ணத்தின் பிளாஸ்டிக் தேய்ந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத தூளை உடம்பின் செல்கள் விழுங்கும். அந்தக் கிளர்ச்சியில் பக்கத்து எலும்பு சத்தமில்லாமல் கரையும். கிண்ணம் 3 சென்டிமீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் பெரிய சேதம் என்பது அமெரிக்க மருத்துவர் பாப்ராஸ்கி 1994இல் வகுத்த கணக்கு. வலி தாங்காமல் தூக்கிவரப்பட்டவர்களிடம் பிடிமானத்துக்கு எலும்பே இல்லாமல் நான் தவித்திருக்கிறேன். அந்த நிலை அம்மாவுக்கு வர வேண்டாம்.

முதலில் சீழ் இல்லை என்று உறுதியாக வேண்டும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும், மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பார்ப்பதும் நடந்ததா என்று கேளுங்கள். கிருமி இருந்தால் அதை ஒழித்த பிறகே எலும்பு.

ஆபரேஷனுக்குப் பின் 6 முதல் 12 வாரம் அந்தக் காலில் முழுப் பாரம் ஊன்றக்கூடாது. நாகலூர் சரிவில் வாக்கர் நிற்காது. சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் இடமாகப் பார்த்துத் தங்கவையுங்கள். பழைய எக்ஸ்ரேக்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் தேடி எடுங்கள். எந்தக் கம்பெனி மூட்டு, என்ன அளவு என்ற ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். உங்கள் டாக்டருக்கு அது மிகவும் தேவை.