அந்த ஓநாய் டான் கார்னேஜ்தான்

நீலக் கோட்டுப் போட்ட ஓநாய், பறக்கும் கப்பல், ஏதோ ஒரு கல்லுக்காகச் சண்டை, தொடரின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகமே வேண்டாம், அது டிஸ்னியின் கார்ட்டூன் தொடர் டேல்ஸ்பின், 1990இல் வந்தது. ஓநாய், வான்கொள்ளையர் தலைவன் டான் கார்னேஜ். கப்பலின் பெயர் அயர்ன் வல்ச்சர். முகப்பு அப்படியே கழுகுத் தலை, அலகு பிளந்ததும் உள்ளேயிருந்து விமானங்கள் சீறிக்கொண்டு வருமே, அதேதான்.

மொத்தம் 65 பகுதிகள். கல் வருவது தொடக்கத்திலுள்ள நான்கு பகுதிக் கதையில், அதிலிருந்தே பாருங்கள். கேப் சூசெட் நகரைச் சுற்றி வானுயரப் பாறைகள், உள்ளே நுழைய ஒரே ஒரு பிளவு, அங்கேயும் பீரங்கிக் காவல். அதைத் தாண்டிவிடத்தான் கார்னேஜ் அந்தக் கல்லுக்காக அந்தப் பாடு படுகிறான். அவனிடமிருந்து கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடும் கரடிக்குட்டி கிட், முன்பு அவன் கூட்டத்திலேயே இருந்தவன் என்பதால் அந்தத் துரத்தல் எனக்கு இன்றும் நெஞ்சைப் பிசையும்.

ஆங்கிலத்திலேயே கேளுங்கள். கார்னேஜுக்குக் குரல் கொடுத்த ஜிம் கம்மிங்ஸ் அந்த விநோத உச்சரிப்பில் வார்த்தைகளை உருட்டி உருட்டிப் பேசுவது அவ்வளவு அழகு, அதே தொடரில் வரும் லூயி என்ற குரங்குக்கும் அவர் குரல்தான். அப்புறம், 2017இல் தொடங்கிய டிஸ்னியின் இன்னொரு கார்ட்டூன் தொடரான புதிய டக்டேல்ஸிலும் கார்னேஜ் வருவான், ஆனால் குரல் வேறொருவருடையது, அதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.