பெஸ்: பழங்கால எகிப்தியர் வீட்டுக் காவல் தெய்வம் – கேள்வி பதில்

கேள்வி: சாமி என்கிறீர்கள், நாக்கைத் துருத்திக்கொண்டு கோமாளி மாதிரி நிற்கிறாரே?

பயமுறுத்தத்தான் அந்தக் கோலம். பயப்பட வேண்டியது வீட்டுக்காரர்கள் அல்ல. பாம்பு, தேள், பிரசவ நேரத்தில் அண்டும் தீய சக்திகள். குள்ள உடம்பு, வளைந்த கால், சிங்கப் பிடரி, தலையில் இறகுக் கிரீடம், சில சிலைகளில் கையில் கத்தி, சிலவற்றில் பறை. எகிப்தில் கடவுளரைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வரைவார்கள். இவர் நம்மை நேருக்கு நேர் முறைப்பார்.

கேள்வி: இவருக்குக் கோயில் எங்கே?

கோயிலைத் தேடாதீர்கள், வீட்டுக்குள் பாருங்கள். அரசர் பள்ளத்தாக்கில் மன்னர்களுக்குக் கல்லறை வெட்டிய தொழிலாளர்களின் ஊர் தெய்ர் எல்-மதீனா. அங்கே சில வீடுகளின் முன்னறையில் செங்கல் மேடை இருக்கிறது. அதன் மேல் பெஸ் ஓவியம். மேடை பிரசவத்துக்கா பூஜைக்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். இது தவிர கட்டில், தலைக்கட்டை, முகம் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடி, கண்மைக் குப்பி எல்லாவற்றிலும் இவர்தான். தூங்கும்போதுதானே மனிதன் ஏமாந்திருக்கிறான்!

கேள்வி: அப்படியானால் ஏழைகளின் சாமியா?

இல்லை. எகிப்திய மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப்பின் பட்டத்தரசி பெயர் தீயே. அவருடைய பெற்றோர் யூயா, துயூ. அவர்கள் கல்லறை 1905-ல் திறக்கப்பட்டபோது கிடைத்த நாற்காலி ஒன்றிலும் பெஸ் இருக்கிறார், பக்கத்தில் தவெரெட்டோடு.

கேள்வி: தவெரெட் அவர் மனைவியா?

சிலர் அப்படிச் சொல்வார்கள். நீர்யானை உருவமும் கர்ப்பிணி வயிறும் கொண்ட தெய்வம். பிரசவ அறையில் இருவரும் கூட்டாளிகள்.

கேள்வி: பெஸ் குவளையில் போதைப் பானம் குடித்தார்களாமே?

2024-ல் வந்த ஆய்வைக் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் டாம்பா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும், தாலமி காலத்து (கிரேக்க வம்சம் எகிப்தை ஆண்ட காலம்) பெஸ் தலைக் குவளையைச் சுரண்டிப் பார்த்ததில் மயக்கம் தரும் தாவரங்களின் தடயம் கிடைத்தது. நீல அல்லியும் அதில் ஒன்று. ஆனால் அது ஒரே ஒரு குவளை. அதை வைத்து ‘எகிப்தியர் எல்லாரும் போதையில் கும்பிட்டார்கள்’ என்று தலைப்பு போட்டதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம்.

கேள்வி: எகிப்தோடு நின்றுவிட்டாரா?

ஃபினீசியர் என்ற பழங்காலக் கடல் வணிகர்கள் வழியாக மத்தியதரைக் கடல் முழுக்கப் போனார். இன்றைய ஸ்பெயினின் இபிசா தீவில் நாணயத்திலேயே இவர் உருவத்தை அடித்தார்கள்.

கேள்வி: வழிபாடு எப்போது நின்றது?

எகிப்தின் அபிதோஸ் ஊரில் மன்னர் முதலாம் சேத்தி கட்டிய பழைய கோயிலில், ரோமர் காலத்தில் பெஸ் குறி சொன்னார். பக்தர்கள் கேள்வியை எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுகள் சில ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அரசியல் கேள்விகள் இருந்ததாகச் சந்தேகம். கி.பி. 359-ல் விசாரணை, சித்திரவதை. குறி மேடை மூடப்பட்டது. வீடுகளுக்குள் உடனே நின்றுவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்; பெஸ் தாயத்தை எந்த அரசன் தேடிப் பிடுங்குவான்?