பிஸ்டன் போனால் பட்டறையும் போகுமா?

வாசகர் கேள்வி – பதில்

வண்டி பெட்ரோலை விடுகிறது, மின்சாரம் நிலக்கரியை விடுகிறது. இந்த மாற்றத்தில் தங்கள் பிழைப்பு என்னவாகும் என்று கேட்டு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்த நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஐயா, மூன்று சி.என்.சி. லேத் (கணினிக் கட்டுப்பாட்டில் கடையும் மெஷின்) வைத்து பைக் இன்ஜின் உள்பாகங்களான வால்வு கைடு, ராக்கர் ஷாஃப்ட் செய்கிறோம். ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. எலெக்ட்ரிக் வண்டிப் பாகங்களுக்கு மாற 30 லட்சம் கடன் வாங்கலாமா? மானியம் கிடைக்கும் என்கிறார்கள்.
– பட்டறை உரிமையாளர், ஓசூர்

பதில்: முதலில் அரசுப் பணம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். மின் இருசக்கர வண்டி வாங்குவோருக்கான மத்திய அரசு மானியம் 2021 ஜூனில் பேட்டரியின் ஒரு கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாய். 2023 ஜூனில் அது 10,000 ஆனது, 2024 ஏப்ரலில் 5,000, 2025 ஏப்ரலில் 2,500. வாங்குபவருக்குத் தரும் பணம் இப்படிக் கரைந்துவிட்டது. வாகன உற்பத்திக்கான ஊக்கத்தொகைத் திட்டமோ 25,938 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு தனியாக இருக்கிறது. அதைப் பெற விரும்பும் நிறுவனம் குறைந்தது 50 சதவீத மதிப்பு உள்நாட்டிலேயே சேர்ந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு உள்ளூரில் செய்த பாகம் வேண்டும், உங்களுக்கான வாசல் இதுதான். எஃகு எங்கே வாங்கியது, எந்த வேலை எங்கே நடந்தது என்ற பில்களை இன்றிலிருந்தே ஒழுங்காகக் கோத்து வையுங்கள். விலை விசாரிக்க வரும் நிறுவனம் அதையும் கேட்கும்.

அடுத்தது, என்ன செய்வது? வால்வு கைடுக்கு மின் வண்டியில் வேலையே இல்லை. ஆனால் உருளையாகக் கடையும் கைத்திறன் மோட்டார் ஷாஃப்டுக்கு அப்படியே உதவும். ஒரு வித்தியாசம் உண்டு. பேரிங் உட்காரும் இடத்தில் அளவு சுமார் 10 மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) நிற்க வேண்டும், லேத்தில் கடைந்து மட்டும் அதை நாள் முழுக்கப் பிடிக்க முடியாது, சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங் (உருளைப் பரப்பைச் சாணைக்கல்லால் தேய்த்து முடிப்பது) வேண்டும். இன்ஜின் இரைச்சல் இல்லாத வண்டியில் ஷாஃப்டோ கியரோ மையம் விலகிக் கொஞ்சம் ஆடினாலும் ஓட்டுபவர் காதில் விழும், மொத்த லாட்டும் திரும்பி வரும். ஆகவே நான்காவது லேத் வாங்காதீர்கள். கிரைண்டிங் மெஷினும் அளவுக் கருவிகளும்தான் உங்களிடம் இல்லாதவை. மோட்டாரை மூடும் அலுமினிய ஹவுசிங் வேலைக்கு ஆசைப்பட்டால் வி.எம்.சி.யும் (செங்குத்தாக வெட்டும் கணினி மெஷின்) கசிவு பார்க்கும் லீக் டெஸ்டும் தேவை. வார்ப்பில் உள்ள நுண்துளை கடைந்த பிறகுதான் தெரியும், அந்த ரிஜெக்‌ஷன் யார் கணக்கு என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

இனி கடன். 30 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 64,500 ரூபாய். மாதம் 25 நாள், ஒரு ஷிப்டு ஓடினால் 200 மணி நேரம். மெஷின் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 322 ரூபாய் தவணைக்கே போகிறது. இரண்டு ஷிப்டு ஓடினால் 161. இரண்டாவது ஷிப்டுக்கு வேலை உறுதியாகாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் முதலீட்டு மானியம் மெஷின் வாங்கி, உற்பத்தி தொடங்கிய பிறகு வருவது. அதைக் கைமுதலாக எண்ணியவர்கள் முதல் ஆறு தவணையிலேயே திணறுகிறார்கள். பழைய மெஷினுக்கு அந்த மானியம் கிடையாது. அடமானம் இல்லையென்றால் குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பு 10 கோடி.

கேள்வி: இன்ஜின் பாகக் கம்பெனியில் 8 வருடமாக வேலை செய்கிறேன். லைனை மூடப்போவதாகச் சொல்லி, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ஒரு லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
– தொழிலாளி, சூளகிரி

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. அந்த ஒரு தாளில்தான் எல்லாம் இருக்கிறது.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான 18,000. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் 8 வருடத்துக்கு 72,000. பணிக்கொடை, மாதச் சம்பளத்தில் 26-இல் 15 பங்கு ஒவ்வொரு வருடத்துக்கும் என்ற கணக்கில், 83,077. இவற்றோடு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் ஒரு புதிய உரிமை உண்டு: மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளம், அதாவது 9,000, வேலை போன 45 நாளுக்குள் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மொத்தம் 1,82,000-க்கு மேல். விலகினாலும் பணிக்கொடை உங்களுடையதே. அவர்கள் சொல்லும் ஒரு லட்சத்துக்குள் அதையும் அடக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் பி.எஃப். பாஸ்புக்கை இப்போதே பதிவிறக்கி வையுங்கள். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும்போது, ஓராண்டில் 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்க அது உதவும்.

9,000 ரூபாயில் யாரும் புதுத் தொழில் கற்றுவிட முடியாது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தப்பட்டன, நல்ல காரியம். ஆனால் மூன்று ஷிப்டு ஆளுக்கு மாலையிலோ ஞாயிறிலோ வகுப்பு வேண்டும். லைன் நிற்பதற்கு ஆறு மாதம் முன்பே, சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். ஜெர்மனி நிலக்கரியைக் கைவிடச் சட்டம் போட்டபோது 58 வயது கடந்த தொழிலாளருக்கு ஓய்வூதியம் வரும்வரை அதிகபட்சம் 5 வருடம் அரசு உதவித்தொகை என்று எழுதியே வைத்தது. நம் திட்டங்களில் ஆளுக்கு என்று இப்படி ஒரு வரி இல்லை. சங்கங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: நிலக்கரியை விடும்போது தொழிலாளரும் ஊரும் நசுங்காமல் பார்க்கும் ‘நியாயமான மாற்ற’த்துக்கு வெளிநாட்டு நிதி வருகிறதாமே? எங்கள் பஞ்சாயத்துக்குக் கிடைக்குமா?
– ஊத்தங்கரை வாசகி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது 2021-இல் பணக்கார நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கு அறிவித்த 850 கோடி டாலர் ஒப்பந்தமாக இருக்கும். அதன் பெரும்பகுதி கடன்தான். இந்தியா அத்தகைய ஒப்பந்தம் எதிலும் சேரவில்லை. உங்கள் மாவட்டத்திலேயே குவாரிகள் செலுத்தும் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. தலைவர் ஆட்சியர். குடிநீர், சுகாதாரம் போலத் திறன் பயிற்சியும் அதன் முன்னுரிமைச் செலவுகளில் ஒன்று. கிராம சபையில் எத்தனை பேருக்கு, என்ன பயிற்சி, எங்கே என்று எண்ணிக்கையோடு தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: சோலார் கம்பெனிக்காக 28 வருட குத்தகைக்கு 6 ஏக்கர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– விவசாயி, அரூர்

பதில்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனால் அது செல்லாது. நிபந்தனைப் பட்டா (அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம்), பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலம்) என்றால் பேச்சையே எடுக்காதீர்கள். வாடகை ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், 28 வருடத்துக்கு ஒரே தொகை என்றால் பத்தாவது வருடமே அது ஒன்றுமில்லாமல் போகும். உங்கள் பட்டாவைக் காட்டி அவர்கள் வங்கிக் கடன் வாங்கக்கூடாது என்று தனி வரி சேருங்கள். பேனல் கழுவ உங்கள் போர் தண்ணீரை எடுப்பார்களா என்றும் கேளுங்கள். அந்த நிலத்தில் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுபவர் இருந்தால், களையெடுக்க வருபவர்கள் இருந்தால், அவர்களுக்கு என்ன என்பதும் பேச்சில் வர வேண்டும். பராமரிப்பு வேலையில் அவர்களுக்கு முதலிடம் என்று எழுதச் சொல்லலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கடைசியாக, காலம் முடிந்ததும் பேனலையும் மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட்டையும் எடுத்து, நிலத்தைச் சமன்செய்து தருவது யார் செலவு என்று எழுதி, அதற்கான வைப்புத்தொகையை முதல் வருடமே வாங்கிவிடுங்கள்.