ஜாய்ஸ்டிக் உடைவது துப்பாக்கி விளையாட்டில் அல்ல

துப்பாக்கிச் சூட்டு விளையாட்டு ஆடும் பிள்ளை முரடனாகிவிடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பதின்வயதுப் பையன் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு கத்துகிறான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் கேம் சென்டர் நடத்துகிறேன். கடைக்காரன் தன் சரக்கைத்தானே புகழ்வான் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

என் கடையில் ஜாய்ஸ்டிக் உடைந்ததெல்லாம் பெரும்பாலும் ஃபிஃபா என்னும் கால்பந்து விளையாட்டு ஆடும்போதுதான். அதில் ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவன் உடன் படிப்பவன். கடைசி நிமிடத்தில் கோல் போட்டுவிட்டு, தோற்றவனின் முகத்துக்கு நேராகக் கைதட்டிச் சிரிப்பான். துப்பாக்கியும் கார் திருட்டுமாக ஓடும் ஜிடிஏ விளையாட்டில் ஊரையே கொளுத்தியவனோ, நேரம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு "வரேண்ணா" என்று சொல்லிவிட்டு அமைதியாகப் போகிறான்.

தேய்ந்துபோன ஜாய்ஸ்டிக்கில், குச்சியைத் தொடாமலேயே திரையில் இருக்கும் ஆள் இடப்பக்கம் நகர்வான். அது கையில் கிடைத்தவன், கார் ஓட்டினாலும் சரி, பந்து உதைத்தாலும் சரி, சற்று நேரத்தில் பற்களைக் கடிக்கத் தொடங்குவான்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ரயானும் வேறு சிலரும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. விளையாட்டில் வன்முறை இருக்கிறதா என்பதைவிட, இயக்கும் முறை பிடிபடாமலும் ஆட்டம் அளவுக்கு மீறிக் கடினமாகவும் இருந்து, தன்னால் முடியவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்பதே ஆடுபவரின் சினத்தோடு கூடுதலாகத் தொடர்புடையது என்று அவர்கள் கண்டார்கள். வன்முறை விளையாட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம், கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்றவற்றோடு அதற்குச் சிறிய தொடர்பு உண்டு என்றும், கொடிய குற்றங்களுக்கு அதைக் காரணமாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்றும் 2020-இல் தெளிவுபடுத்தியது.

ஆனால் எங்கள் தெருப் பெரியவர்கள் சிலர், பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று என் கடை மீது மனு கொடுத்தபோது, சுவரில் ஒட்டியிருந்த துப்பாக்கிப் படத்தைத்தான் சுட்டிக்காட்டினார்கள். ஃபிஃபா ஆடிக்கொண்டிருந்த இருவர் அவர்கள் கண்ணெதிரிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "பையன்கள் பந்துதானே ஆடுகிறார்கள்" என்று அதை விட்டுவிட்டார்கள்.

ஆகவே, விளையாட்டின் பெயரைக் கேட்பதற்குமுன், உங்கள் பையன் எந்த நொடியில் கத்துகிறான் என்று அருகே இருந்து பாருங்கள். இணையம் திணறி ஆள் நின்ற இடத்திலேயே சுடப்படும்போதா, ரேங்க் இறங்கும்போதா, ஹெட்செட்டில் யாரோ அவனைத் திட்டும்போதா? திணறல்தான் என்றால் முதலில் வைஃபையைச் சரிசெய்யுங்கள்; திட்டுதான் என்றால் அந்தக் குரல்களை மியூட் செய்யச் சொல்லுங்கள்.