மூன்றாவது ஆள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். கிணறுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு 23 வயது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுச் சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகிறேன். போலீஸ், சிறைக்காவலர், தீயணைப்போர் மூன்றுக்கும் ஒரே தேர்வுதான். என் விருப்பம் தீயணைப்பு. வீட்டிலோ போலீஸை முதலில் போடு, அதில்தான் மரியாதை என்கிறார்கள். அம்மாவுக்குத் தீ என்றாலே பயம். 1500 மீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடிவிடுகிறேன். கயிற்றில்தான் பாதிக்கு மேல் ஏற முடியவில்லை. கோச்சிங் சென்டரில் சேரலாமா?

ஒன்று மட்டும் உறுதி சார். ஆபத்து என்றால் யோசிக்காமல் குதிக்கிற ஆள் நான். போன வருடம் எங்கள் ஏரியில் ஒரு பையன் தத்தளித்தபோது, எனக்கு நீச்சல் அரைகுறைதான் என்று தெரிந்தும் குதித்தேன். கடைசியில் மீன் பிடிக்கிறவர் ஒருவர் எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார். இந்தத் துணிச்சல்தானே இந்த வேலைக்கு முதல் தகுதி?

க., ஆத்தூர்

அன்புள்ள க.,

கோச்சிங் சென்டர் விஷயத்தில் என்னிடம் கேட்பது வீண். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு அது. நீங்கள் பட்டதாரி. பள்ளிப் பாடப்புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் தமிழை அலட்சியம் செய்யாதீர்கள். தமிழ்த் தகுதித் தேர்வில் 80க்கு 32 வாங்காதவர்களின் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். உங்கள் கடிதத்தின் ஒற்றுப்பிழைகளை நான்தான் சரிசெய்து இங்கே போட்டிருக்கிறேன். கயிறு: கைகளால் உடம்பை இழுக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதங்களுக்கு நடுவே கயிற்றைப் பூட்டி, காலால் எழுந்து நில்லுங்கள். உடல்திறன் போட்டியில் ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், ஆறு மீட்டருக்கு இரண்டு. மூன்று மாதம் விடாமல் செய்தால் வந்துவிடும்.

இதற்கெல்லாம் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் கடைசிப் பத்திதான் என்னை உட்கார வைத்தது. நல்ல பிள்ளை நீங்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்தியைத் தேர்வுக்குழு முன்னால் சொன்னால், என் கையில் அதிகாரம் இருந்தால் உங்களை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஏரியில் என்ன நடந்தது என்று நிதானமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒருவரைக் காப்பாற்ற வேண்டிய மீனவருக்கு நீங்கள் இரண்டு பேராக வேலை வைத்தீர்கள். கரையில் கயிறு இல்லையா? யாருடைய வேட்டியும் இல்லையா? அவிழ்த்து வீசியிருக்கலாமே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. ராசிபுரம் பக்கம் எங்கள் பெரியம்மா ஊர். எழுபதடிக் கிணறு. பம்பு இருபத்தைந்து அடி ஆழத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சித் தராது. அதனால் தண்ணீர் கீழே போகப் போக, கிணற்றுக்குள்ளேயே பாறையைச் செதுக்கி மேடை போட்டு ஆயில் இன்ஜினை அங்கே இறக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அப்போது இது சாதாரணம். இன்ஜின் ஓடி ஓடிக் கக்கிய புகை வெளியே போக வழியில்லாமல் கீழேயே நின்றுவிட்டது. அண்ணன்காரர் இன்ஜினை நிறுத்த இறங்கினார், சாய்ந்துவிட்டார். மேலிருந்து பார்த்த தம்பி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரும் இறங்கினார். அவரும் சாய்ந்தார்.

ஊரில் விவரமானவர் ஒருவர் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது நன்றாகவே எரிந்தது. “காத்து இருக்குதப்பா, மயக்கம்தான், யாராச்சும் எறங்குங்க” என்றார். நீங்கள் இயற்பியல் படித்தவர், உங்களுக்குப் புரியும். பிராணவாயு குறைந்தால்தான் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்கிற அளவுக்கு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்குகிறார்கள்.

அப்போது என் சித்தப்பா மகன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டான். பத்தொன்பது வயது. உங்களை மாதிரிதான், யோசிக்காமல் குதிக்கிற ரகம். அந்த நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. முன்னால் இறங்கிய முன்னணி தீயணைப்போர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். எங்கள் பெரியப்பா அடிக்கப் பாய்ந்தார். அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூச்சுக்காற்று சிலிண்டரை முதுகில் மாட்டினார். அளவுமானியைப் படித்து இன்னொருவரிடம் எண்ணைச் சொன்னார், அவர் அதைத் திருப்பிச் சொன்னார். முகமூடியைப் போட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்தார். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டினால்தான் வெளிக்காற்று நுழையவில்லை என்று அர்த்தம். (உங்கள் மின்னஞ்சல் படத்தில் இருக்கிற தாடியோடு இது நடக்காது. முடி வழியாகக் கசியும்.) மார்பில் கட்டிய கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார், திருப்தியில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினார். கயிற்றைப் பிடித்த இருவரிடமும் எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று சொல்லி, அவர்களையும் சொல்ல வைத்தார்.

இவ்வளவு நேரமும் ஊர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்கலையா, பயமா இருந்தா சேலையைக் கட்டிக்க, உன் அண்ணனா இருந்தா இப்படி நிப்பியா... எழுத முடியாததெல்லாம் சொன்னார்கள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவர் முடிச்சைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கினார். முதலில் தம்பி மேலே வந்தார், சேர் நாட் போட்டு: ஒரே கயிற்றில் இரண்டு வளையம், ஒன்று அக்குளுக்குக் கீழே, ஒன்று முழங்கால் மடிப்பில். தம்பி பிழைத்துக்கொண்டார். அப்புறம் வந்த அண்ணன் பிழைக்கவில்லை. “அந்த ஆள் பத்து நிமிஷம் மினுக்கிக்கிட்டு நின்னான், இல்லேன்னா பெரியவன் பொழச்சிருப்பான்” என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தம்பி பிழைத்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். என் சித்தப்பா மகனை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவன்தான் அன்றைக்கு முதலில் காப்பாற்றப்பட்டவன். இப்போது அவனுக்குப் பேத்தி இருக்கிறாள். அறை வாங்கியதை இன்னமும் அவமானமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான், மடையன்.

நம் ஊரின் பெரிய வியாதி இது. குதிக்கிறவனுக்கு மாலை, முடிச்சைச் சரிபார்க்கிறவனுக்கு வசவு. ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள். 1944இல் அதே நாளில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் வெடித்து 66 தீயணைப்போர் இறந்தார்கள். தியாகம், வீரம் என்று பேசுவார்கள். பேசட்டும், தகும். ஆனால் பஞ்சுப் பொதிகளையும் வெடிபொருளையும் ஒரே கப்பலில் அடுக்கியது யார்? தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த அந்த 66 பேரும் அல்ல. மதுரையில் 2020 தீபாவளியின்போது ஜவுளிக்கடைத் தீயில் பழைய கட்டடம் சரிந்து இரண்டு தீயணைப்போர் இறந்தார்கள். அப்போதும் வீரத்தைப் பற்றித்தான் நிறையப் பேச்சு, கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம்தான். வீரம் என்று சொல்லிவிட்டால் வேறு யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

இன்றைக்கு அவர்கள் முதுகில் மாட்டுகிற ஒரு வகை சிலிண்டர் 6.8 லிட்டர். 300 பார் அழுத்தத்தில் அதில் ஏறக்குறைய 2000 லிட்டர் காற்று அடைந்திருக்கும். கடுமையாக உழைக்கும் மனிதன் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பான் என்று கணக்கு வைத்தால் ஐம்பது நிமிடம் வரும். பதறிப்போய் மூச்சு வாங்கினால் அதில் பாதிகூட வராது. உங்கள் துணிச்சலை இந்தக் கணக்கில் எங்கே வைப்பீர்கள் என்று யோசியுங்கள். ஆறரை நிமிடத்தில் ஓடுகிற நுரையீரல் நல்லதுதான். திட்டு வாங்கும்போது மூச்சு சீராக இருக்கிறதா என்பதை எந்த மைதானத்திலும் அளக்க மாட்டார்கள், நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் பயத்தைப் போக்க முயலாதீர்கள். தீயை மட்டும் நினைத்து அவர் பயப்படுகிறார், பாவம். நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, சாலையில் சாய்ந்த மரம் எல்லாம் உண்டு என்று சொல்லுங்கள். பாம்பைச் சொன்னால் இன்னும் பயப்படுவார், அதை விட்டுவிடுங்கள்.

நாலு முழக் கயிறு ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போலைன் முடிச்சு, அதாவது இழுத்தாலும் இறுகாத வளைய முடிச்சு, போட வர வேண்டும். தங்கையைப் பக்கத்தில் நின்று கத்தச் சொல்லுங்கள், அப்போதும் வர வேண்டும். அப்புறம் நீச்சல். தேர்வில் அதைக் கேட்க மாட்டார்கள், ஏரி கேட்கும். அரைகுறையை முழுசாக்கிக்கொண்டு எனக்கு எழுதுங்கள். போலீஸா தீயணைப்பா என்பதை அப்போது பேசலாம்.