மரச்சில்லிலிருந்து விமான எரிபொருள்: கேள்வி பதில்

கே: ஈரச் சில்லை அப்படியே கேசிஃபையரில் (மரத்தை வாயுவாக்கும் சூடான கலன்) போடலாமா?

ப: கூடாது. வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். 10–15 சதவீத ஈரத்துக்கு உலர்த்தாவிட்டால் உள்ளிருக்கும் மணல் படுகையின் சூடு இறங்கும், வாயுவில் தார் கூடும்.

கே: பட்டையோடு அரைத்துப் போட்டோம். மணல் படுகை கட்டிதட்டிவிட்டது, ஏன்?

ப: பொட்டாசியம். பட்டையிலும் இலையிலும் அது அதிகம். சிலிக்கா மணலோடு சேர்ந்தால் எளிதில் உருகும் சிலிகேட்டாகி, மணலைப் பாகுபோல் ஒட்டவைக்கும். படுகையில் ஓரிடம் 780 டிகிரி, பக்கத்திலேயே 900 என்று வெப்பமானிகள் முரண்டினால் கட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய மணலை அவ்வப்போது எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். சிலிக்காவுக்குப் பதில் ஒலிவைன் (ஒரு மக்னீசியக் கனிமம்) மணல் என்றால் இன்னும் நல்லது.

கே: வாயுவைத் திரவமாக்கும் ஃபிஷர்-ட்ராப்ஷ் உலையில் கோபால்ட் வினையூக்கி சீக்கிரமே செயலிழந்துவிட்டது. மரத்தில் கந்தகம் குறைவுதானே?

ப: குறைவுதான், ஆனால் கோபால்ட்டுக்கு அதுவே விஷம். நூறு கோடியில் சில பத்துப் பங்குக்குமேல் போகக்கூடாது. ஆகவே வாயுவைச் சுத்தப்படுத்தும் வரிசை இது: தார் சிதைப்பு, தூசி வடிகட்டல், அம்மோனியாவையும் குளோரைடையும் நீக்கத் தண்ணீர்க் கழுவல், கடைசியில் ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடிக்கத் துத்தநாக ஆக்சைடு. கந்தகத்தின் இன்னொரு சேர்மமான கார்பனைல் சல்ஃபைடை அதற்கு முன்பே நீராற்பகுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கிவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆலையில் செலவும் தலைவலியும் இந்தக் கழுவும் பகுதியில்தான், ஃபிஷர்-ட்ராப்ஷ் உலையில் அல்ல.

கே: அந்த உலைக்குப் போகும் வாயுவில் ஹைட்ரஜன் விகிதம் என்ன?

ப: கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு மடங்கு தேவை, மரவாயுவில் ஒரு மடங்கையொட்டித்தான் இருக்கும். வாயுவில் ஒரு பகுதியை நீராவியோடு ஷிஃப்ட் உலைக்குள் (கார்பன் மோனாக்சைடும் நீராவியும் வினைபுரிந்து ஹைட்ரஜன் தரும் உலை) விட்டுச் சரிக்கட்ட வேண்டும்.

கே: ஒரு டன் எரிபொருளுக்கு எவ்வளவு மரம்?

ப: உலர்ந்த மரத்தில் பாதி கார்பன். அதில் மூன்றிலொரு பங்கு திரவமானாலே நல்ல ஆலை; மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. ஆக, 5 டன் உலர்மரம். அந்தத் திரவத்திலும் ஒரு பங்கு நாப்தாவாக (பெட்ரோல் போன்ற இலகுவான எண்ணெய்) பிரியும்.

கே: வாயுவாக்காமல் நொதிக்கவைக்க முடியாதா?

ப: முடியும். மரச்சர்க்கரையை ஐசோபியூட்டனாலாக்கி அதிலிருந்து செய்த எரிபொருளை 20 சதவீதம் கலந்து, 2016 நவம்பரில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் சியாட்டிலிலிருந்து வாஷிங்டன் டி.சி.க்குப் பறந்தது. ஆனால் மரத்தின் இன்னொரு பகுதியான லிக்னினிலிருந்து சர்க்கரை வராது.

கே: ஃபிஷர்-ட்ராப்ஷ் உலையில் வருவதை நேராக டேங்கில் ஊற்றலாமா?

ப: வருவதில் பெரும்பகுதி மெழுகு. ஹைட்ரஜனோடு உடைத்து, நேர்ச்சங்கிலிகளைக் கிளைத்தவையாக மாற்றினால்தான் உறைநிலை இறங்கும். வழக்கமான விமான எரிபொருளான ஜெட் ஏ-1க்கு மைனஸ் 47 டிகிரி வேண்டும். பிறகும் ஏ.எஸ்.டி.எம். டி7566 (செயற்கை விமான எரிபொருளுக்கான தர விதி) விதிப்படி, வழக்கமான எரிபொருளோடு 50 சதவீதம் வரைதான் கலக்கலாம். கலவையில் அரோமாட்டிக் (பென்சீன் வளையமுள்ள சேர்மங்கள்) 8 சதவீதமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் (கசிவு தடுக்கும் வளையங்கள்) சுருங்கி எரிபொருள் கசியும்.