தினமும் ஓடியும் கராத்தே சண்டைப் பயிற்சியில் ஒரே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறதே, ஏன்?

காலையில் ஓடுகிறேன், கட்டா (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) செய்தால் களைப்பதில்லை, குமித்தேயில் (எதிராளியுடன் செய்யும் சண்டைப் பயிற்சி) மட்டும் ஒரு நிமிடத்தில் திணறுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எதிராளி முன்னால் நின்றதும் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாகச் சண்டைக்கு இறங்குபவரின் தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும், உதடு இறுகியிருக்கும். நான்கைந்து குத்து விட்டு முடிக்கும்வரை மூச்சு வெளியே வராது. பிறகு வாயைப் பிளந்து காற்றை இழுப்பார். ஏற்கெனவே நிரம்பிய நெஞ்சில் இன்னும் எவ்வளவு ஏறும்? மூச்சுக்குத் தவிக்க வைப்பது பெரும்பாலும் ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. அது வெளியேறினால்தான் தவிப்பு அடங்கும்.

வகுப்பில் 'இச், நி, சான்' (ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று) என்று உரக்க எண்ணிக்கொண்டே குத்தும்போது இந்தத் தொல்லை வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எண்ண வாய் திறந்தால் மூச்சு தானாகவே வெளியேறிவிடுகிறது. குமித்தேயில் எண்ணுவது நின்றதும் மூச்சும் நின்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு குத்துக்கும் உதைக்கும் பல்லிடுக்கில் 'ஸ்' என்று கொஞ்சம் காற்றை விடுங்கள். முழுவதையும் விட்டுவிடக் கூடாது. அடுத்த அடிக்கும் வேண்டும், வயிற்றில் உதை விழுந்தால் தாங்கவும் வேண்டும். இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தானாக நடக்கும். முதலில் தனியாக, பிறகு நன்கு பழகிய துணையுடன் பாதி வேகத்தில் செய்து பாருங்கள்.

ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். பாய்ந்து அடிக்கும் சில விநாடிகளுக்குத் தசையில் இருப்பில் உள்ள ஆற்றலே போதும். அது மறுபடி நிரம்ப ஆக்சிஜன் வேண்டும். ஓடிப் பழகிய உடல் இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே சீக்கிரம் தேறிவிடும். கூடவே, 30 விநாடி முழு வேகம், 30 விநாடி நிதானம் என்று 3 நிமிடம் செய்யுங்கள். பெரியவர்களுக்கான குமித்தே போட்டியின் நேரமும் அதுதான். ஓய்வில் முழங்காலில் கையூன்றிக் குனிந்தால் சில மாஸ்டர்கள் திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிக் குனிவது உதரவிதானத்துக்கு (நெஞ்சுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசை) உதவியாகவே இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் இருமலோ நெஞ்சில் விசில் போன்ற சத்தமோ வந்தால் ஆஸ்துமாவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் கல்லூரி மாணவி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. முதலில் அதற்குச் சிகிச்சை எடுங்கள், சண்டைப் பயிற்சியைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.